பழைய கணவாய்ச் சாலைகள் யாருக்குச் சொந்தம்?

சுவிட்சர்லாந்து தேசத்தின் தென்பகுதியில், இத்தாலிய பாஷை வழங்கும் திச்சினோ மாநிலத்தின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலையின் காலடியில் ஐரோலோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கோத்தார்டு கணவாய்க்கு ஏறும் பழைய சாலைக்குத் திரெமோலா என்று பெயர். நடுங்கும் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கைக்கு அடக்கமான கருங்கற்களை வரிசை வரிசையாகப் பாவி அமைத்த அந்தச் சாலை, ஒன்றின் தோள்மீது மற்றொன்று ஏறி நிற்பதுபோல எழும்பும் கல்மதில்களைப் பற்றிக்கொண்டு, மேற்பகுதியில் மட்டும் 24 கொண்டை ஊசி வளைவுகளாகச் சுருண்டு சுருண்டு, கடல் மட்டத்துக்கு 2,106 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயின் உச்சியைச் சென்று சேருகிறது.

ஒரு ஜூலை மாதக் காலையில் அந்தச் சாலையில் சைக்கிளில் ஏறினேன். முன்சக்கரம் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவும் ஒவ்வொரு தரமும் கைப்பிடி வழியாக மணிக்கட்டில் ஒரு சிற்றதிர்வு ஏறியது. கற்களின் இடுக்கில் புல் முளைத்திருந்தது. நடக்கிறவனுடைய வேகத்தைவிட என் வேகம் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆகையால் அந்தப் புல்லோரம் ஊர்ந்துகொண்டிருந்த கருவண்டு ஒன்றைப் பார்த்து, விலகிப் போக எனக்கு அவகாசம் இருந்தது. மேய்ச்சல் நிலத்தில் மாடுகளின் கழுத்துமணி எங்கோ மேலே ஒலித்தது. ஓடை எங்கோ கீழே இரைந்தது. பத்தாவது வளைவை நெருங்கியபோது, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஒரு முழக்கம் கிளம்பி, மதில்களில் மோதி, வளைவுக்கு வளைவு பெருகிக்கொண்டே வந்தது. பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள். நான் மதிலோரம் இறங்கி ஒதுங்கி நின்றேன். அவை கடந்து போயின. பெட்ரோல் வாடை வெகுநேரம் நின்றது. மாட்டுமணியோசை திரும்பவும் காதில் விழுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. உச்சியை அடைவதற்குள் எத்தனை முறை அப்படி ஒதுங்கி நின்றேன் என்பதை எண்ணிக்கொண்டு வந்தவன், பாதி வழியில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்த மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒருவருக்கேனும் அந்த வழியாகப் போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காரணம், அந்த மலையின் வயிற்றுக்குள் நிகழ்ந்திருக்கும் சரித்திரம்.

கோத்தார்டு கணவாய் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் வடக்கையும் தெற்கையும் பிணைத்த முடிச்சு. கோவேறு கழுதைகளின் முதுகில் சுமையேற்றிச் சென்றவர்களும், யாத்திரிகர்களும், வியாபாரிகளும் நூற்றாண்டுக் கணக்கில் அதன் வழியே நடந்தார்கள். 1799-ஆம் ஆண்டில் ரஷ்யத் தளபதி சுவோரவ் பிரெஞ்சுப் படையோடு பொருதுகொண்டே தம் சேனையை அதன்மேல் நடத்திச் சென்றார். வடபுறத்துச் சரிவில் ரொய்ஸ் நதி பாறையைப் பிளந்துகொண்டு விழும் இடத்தில் ஒரு பாலம் இருக்கிறது. மனிதரால் கட்ட முடியாமற்போன அதைச் சாத்தான் கட்டிக் கொடுத்தான் என்றும், முதலில் பாலத்தைக் கடக்கும் ஆத்மாவைக் கூலியாகக் கேட்ட அவனை ஏமாற்ற ஊரார் ஓர் ஆட்டை முன்னே விரட்டினார்கள் என்றும், வெகுண்ட சாத்தான் பாலத்தை உடைக்கத் தூக்கி வந்த பாறையைப் பாதி வழியில் போட்டுவிட்டான் என்றும் அந்நாட்டார் கதை சொல்கிறார்கள். அந்தப் பாறை இன்றும் இருக்கிறது. ஆனால் இருந்த இடத்தில் இல்லை. மோட்டார் நெடுஞ்சாலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று 1970-களில் அதைப் பெயர்த்து நகர்த்திவிட்டார்கள்.

1830-ஐ ஒட்டிக் குதிரை வண்டி போகத்தக்க சாலை உருவாயிற்று. ரூடல்ப் கோல்லர் என்ற சித்திரக்காரர் 1873-இல் தீட்டிய படம் ஒன்று சூரிச் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது: கோத்தார்டுத் தபால் வண்டி, குதிரைகள் பிடரி பறக்கப் பாய்ந்து இறங்க, அதற்கு முன்னே சாலையில் அகப்பட்டுக்கொண்ட கன்றுக்குட்டி ஒன்று, ஒதுங்க வழி தெரியாமல், விழி பிதுங்க ஓடுகிறது. அதைப் பார்க்கிறவர்கள் குதிரைகளின் கம்பீரத்தைப் புகழ்வது வழக்கம். திரெமோலாவில் மதிலோரம் ஒதுங்கி நின்ற நாள் முதல் எனக்கு அந்தக் கன்றுக்குட்டியின் முகம்தான் நினைவில் நிற்கிறது.

அந்தப் படம் வரையப்பட்ட காலத்திலேயே மலைக்கு அடியில் ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில் ஏறக்குறைய 200 தொழிலாளிகள் விபத்துகளில் மாண்டார்கள். 1875-இல் வேலைநிறுத்தம் செய்தவர்களில் நால்வர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். பொறுப்பேற்று நடத்திய லூயி பாவ்ர் என்பவரே 1879-இல் சுரங்கத்துக்குள் நெஞ்சடைத்து விழுந்து இறந்தார். 1882-இல் ரயில் ஓடியது. 1980-இல் மோட்டார் வாகனங்களுக்கென்று ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. 2016-இல், இன்னும் ஆழத்தில், 57 கிலோமீட்டர் நீளத்துக்கு மற்றொரு ரயில் சுரங்கம், உலகத்திலேயே நீளமானது, திறக்கப்பட்டது. இவை தவிர, மலையின்மேலேயே, திரெமோலாவை விட்டு விலகி, அகலமான புதிய கணவாய்ச் சாலை ஒன்றும் இருக்கிறது. மிலானுக்குப் போகிற லாரிக்கும், சூரிச்சுக்குப் போகிற உத்தியோகஸ்தருக்கும், மருத்துவமனைக்கு விரையும் வாகனத்துக்கும் இன்று திரெமோலா தேவையில்லை. இத்தனை உயிர்களைப் பலி கொடுத்து, இத்தனை பொருளைச் செலவழித்து, போக்குவரத்தை மலைக்கு அடியில் அனுப்பிவிட்ட பிறகு, மேலே எஞ்சிய கல்பாவிய சாலை எதற்காக இருக்கிறது?

கால்களுக்காக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நடக்கும் கால்களுக்கும், மிதிக்கும் கால்களுக்கும்.

தன் உடலின் சக்தியால் ஒரு கணவாயை ஏறுகிறவன் அடையும் அனுபவத்தை வார்த்தையில் சொல்வது எளிதன்று; கணக்கில் ஓரளவு சொல்லலாம். இத்தாலியின் வடஎல்லையில், 2,757 மீட்டர் உயரத்தில், ஸ்டெல்வியோ கணவாய் இருக்கிறது. லம்பார்டி பிரதேசத்தைத் திரோலோடு இணைப்பதற்காக ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் சர்க்கார், கார்லோ தொனேகானி என்ற பொறியியல் வல்லுநரைக் கொண்டு, 1820 முதல் 1825 வரை ஐந்தே ஆண்டுகளில் அமைத்த சாலை அது. பிராத்தோ என்ற ஊரிலிருந்து ஏறினால் சுமார் 25 கிலோமீட்டர், ஏற்றம் 1,800 மீட்டருக்கு மேல், வளைவுகள் 48. ஆளும் சைக்கிளுமாகச் சேர்ந்து 80 கிலோ எடையை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும்; உண்ட உணவின் சக்தியில் நாலில் ஒரு பங்கைக்கூட நம் தசைகள் முழுமையாக இயக்கமாக மாற்றுவதில்லை; மிச்சமெல்லாம் உஷ்ணமாகி வியர்வையில் போய்விடுகிறது. உச்சியை நெருங்க நெருங்கக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குக்கும் கீழே வந்துவிடுவதால், அடிவாரத்தில் பேசிக்கொண்டே மிதித்தவர்கள் அங்கே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். வளைவுகளில் எண் பொறித்த பலகை நட்டிருக்கிறார்கள்; ஏற ஏற அந்த எண் குறைந்துகொண்டே வருகிறது. நாற்பத்தெட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் அந்த எண்ணிக்கையைத் தவிர உலகத்தில் வேறு விஷயமே இல்லை என்பது போன்ற ஓர் ஏகாக்கிர சித்தம் மனிதனுக்கு வேறு எந்தப் பிரயாணத்தில் வாய்க்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரான்ஸ் தேசத்தார் இந்தப் பலகை விஷயத்தில் இன்னும் அன்பானவர்கள். அங்கே பேர்பெற்ற கணவாய்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல் நட்டு, உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்போது நிற்கும் உயரம் என்ன, அடுத்த கிலோமீட்டரின் சரிவு எத்தனை சதவீதம் என்று சைக்கிள்காரருக்கென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே கணவாய்க்குப் பிரான்ஸ் சுற்றுச் சைக்கிள் பந்தயம் முதன்முதலாக 1911-இல் போயிற்று. கரடுமுரடான மண்பாதையில், பல்சக்கரம் மாற்றும் சாதனம் இல்லாத கனத்த சைக்கிள்களில், சகதியோடு மல்லாடிக்கொண்டு அந்த மனிதர்கள் ஏறினார்கள். அந்தச் சாதனத்தைப் பந்தயத்தை நடத்திய ஆன்றி தெக்ரான்ஜ் 1937 வரையில் அனுமதிக்கவே இல்லை. அதை உபயோகிப்பது ஆண்மைக்கு இழுக்கு என்று அவர் கருதினார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, சேன்த் எத்தியென் நகரத்தில், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் தெ விவி என்னும் பத்திரிகாசிரியர், சைக்கிள் என்பது பந்தயக்காரரின் கருவி மாத்திரமல்ல, சாதாரண மனிதனும் மலையைக் காணச் செல்வதற்கான வாகனம் என்று சொல்லி, பல்சக்கரங்கள் பலவற்றைப் பொருத்தித் தாமே மலைகளில் ஏறிக் காட்டினார். சைவ உணவு உண்டு, 1930-இல் இறக்கும் வரையில் மிதித்துக்கொண்டிருந்த அந்த மனிதரே கணவாய்ப் பிரயாணிகள் அனைவருக்கும் ஆசான் என்பேன். பந்தயக்காரர்கள் என் மதிப்பில் அவருக்கு அடுத்த ஸ்தானத்தில்தான் வருகிறார்கள்.

அடுத்த ஸ்தானம் என்றாலும் ஃபௌஸ்தோ கோப்பியை மறக்க இயலாது. 1953-இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் முதல் தடவையாக ஸ்டெல்வியோவின்மேல் சென்றபோது, அதுவரை முன்னணியில் இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் கோப்ளெட்டை ஏற்றத்திலே பின்னே விட்டுவிட்டுத் தனியே பிரிந்து சென்று, பந்தயத்தையே வென்றார் அவர். அந்தக் காலத்துச் சைக்கிள் வீரர்கள் உச்சியை அடைந்ததும் பார்வையாளர் நீட்டும் பழைய செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். வியர்வையில் நனைந்த உடம்பில் குளிர்காற்று நேரே பாயாமல் காகிதம் தடுக்கும். நானும் கோத்தார்டு உச்சியில் விடுதிக்காரரிடம் முந்தின நாள் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி அப்படியே செய்தேன். எழுத்து புரியாத அந்தத் தாள் அடிவாரம் வரையில் என்னைக் குளிரில்லாமல் கொண்டுவந்து சேர்த்தது.

நடப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவாய்களுக்கு ஆதி உரிமை அவர்களுடையது. சுவிட்சர்லாந்தில் சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதைகள், மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகளோடு, ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. அந்தப் பலகைகளில் தூரம் எழுதியிருப்பதில்லை. நடந்தால் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் ஆகும் என்றுதான் எழுதியிருக்கிறது. மலையில் தூரத்துக்கு அர்த்தமில்லை, காலத்துக்கே அர்த்தம் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. இதன் தொடக்கமும் கவனிக்கத்தக்கது. 1930-களில் யோகான் யாகோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களோடு க்ளௌசன் கணவாயில் நடந்து சென்றபோது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த மோட்டார் வாகனங்களுக்கு ஓயாமல் ஒதுங்க நேர்ந்ததாம். அந்த அல்லலிலிருந்தே நடப்பவருக்கெனத் தனிப்பாதை வேண்டும் என்ற எண்ணம் பிறந்து, 1934-இல் ஓர் இயக்கமாயிற்று. 1979-இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து, நடைபாதைகளைப் பேணுவதைத் தங்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். 2018-இல் மறுபடியும் வாக்களித்து, சைக்கிள் பாதைகளையும் அதே ஷரத்தில் சேர்த்தார்கள்.

ஆகவே, மோட்டார் வாகனங்களைக் கணவாயிலிருந்து விலக்கலாம் என்று சொல்வது அந்தத் தேசத்தாருக்குப் புதிய பேச்சன்று. கிழக்கே இருக்கும் கிராவ்புண்டன் மாநிலம், 1900 முதல் 1925 வரை, கால் நூற்றாண்டு முழுவதும், தன் எல்லைக்குள் எந்தச் சாலையிலும் மோட்டார் கார் ஓடக்கூடாது என்று தடை செய்திருந்தது. தடையை நீக்கலாமா என்று திரும்பத் திரும்ப வாக்கெடுப்பு நடந்தது. திரும்பத் திரும்ப மலைஜனங்கள் வேண்டாம் என்றார்கள். எல்லையைத் தாண்ட வந்த கார்க்காரர்கள் தங்கள் காருக்கு முன்னே குதிரையைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனதும் உண்டு. அந்த முழுத்தடையை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலைவாசிகளுக்கு வாகனம் தேவை, அதை மறுப்பது நியாயமாகாது. நான் கேட்பது மிகச் சிறியது: சுரங்கமோ மாற்றுச் சாலையோ அமைந்துவிட்ட இடங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குறுகிய கோடையில், வாரத்துக்கு இரண்டு நாட்கள், பழைய கணவாய்ச் சாலையை இயந்திரங்களுக்கு மூடி, நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் விட்டுவிட வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஸ்டெல்வியோவில் ஆண்டுக்கு ஒரு நாள், கோடையின் முடிவில், சாலையை மோட்டாருக்கு அடைத்துவிடுகிறார்கள். அன்று ஆயிரக்கணக்கானோர், தாத்தாவும் பேத்தியுமாகக்கூட, மூன்று திசைகளிலிருந்தும் ஏறி வருகிறார்கள். தோலோமித்தி மலையில், 2017-ஆம் ஆண்டுக் கோடையில், செல்லா கணவாயைப் புதன்கிழமைகளின் பகல் நேரத்தில் அடைத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரியாவின் திரோலில், ரொய்ட்டே வட்டாரச் சாலைகள் சிலவற்றில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் மோட்டார் சைக்கிள்களை 2020 முதல் கோடையில் தடுத்தார்கள். இவையெல்லாம் நல்லவை, ஆனால் போதாதவை. ஆண்டில் ஒரு நாள் கிடைக்கும் அமைதியைத் திருவிழா என்று சொல்லலாமே ஒழிய உரிமை என்று சொல்ல முடியாது.

ஆட்சேபணைகளில் இரண்டு கனமானவை. உச்சியில் விடுதி நடத்துகிறவர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்பது ஒன்று. மோட்டாரில் வருகிறவர் கால் மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார். மூன்று மணி நேரம் மிதித்து வந்தவர் பசியோடு வந்து சூப்பும் ரொட்டியும் கேட்டு உட்காருகிறார், இருட்டிவிட்டால் தங்கவும் செய்கிறார். இதை விடுதிக்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். முதியவரும் உடல் ஊனமுற்றவரும் மலையைக் காண வேண்டாமா என்பது மற்றொன்று. இது நெஞ்சைத் தொடும் கேள்வி. வேண்டும். அதற்காகத்தான் மஞ்சள் நிறத் தபால் பஸ், மூன்று ஸ்வரங்களில் ஊதுகுழலை ஒலித்துக்கொண்டு, அங்கே கணவாய்களில் ஓடுகிறது. மூடும் நாளிலும் அது ஓடட்டும். மின்சாரத் துணையோடு மிதிக்கும் சைக்கிள்களையும் தடையின்றி விட வேண்டும். பழைய சைக்கிள்காரர்களில் சிலர் அவற்றை இகழ்வது எனக்குச் சம்மதமில்லை. வெலோசியோவின் பல்சக்கரத்தையும் ஒரு காலத்தில் இப்படித்தான் இகழ்ந்தார்கள்.

அவசரப்பட வேறொரு காரணமும் இருக்கிறது. கோத்தார்டுக்கு மேற்கே 2,429 மீட்டர் உயரத்தில் ஃபுர்கா கணவாய். அதன் சாலையோரத்தில், ரோன் பனியாற்றைக் காண்பதற்கென்றே கட்டிய பெல்வெதேர் என்ற பெரிய ஹோட்டல், கதவடைத்துக் கிடக்கிறது. ஒரு காலத்தில் சாலையின் அருகில் வரை வழிந்து நின்ற பனி, இப்போது வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. எஞ்சிய விளிம்பு கோடையில் உருகாதிருக்க வெள்ளைத் துணிப் போர்வைகளைப் போர்த்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். நோயாளியின் கட்டிலருகே நிற்பதுபோல் இருந்தது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்துப் பனியாறுகள் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பொழுதுபோக்குக்காக அந்தச் சாலையில் புகை விட்டுக்கொண்டு போகும் வாகனங்களே இதற்குக் காரணம் என்று சொன்னால் அது மிகையாகும். ஆனால் அந்தப் போர்வைக்கு எதிரே, தேவையின்றி, இயந்திரத்தை முறுக்கிக்கொண்டு போவது முறையா என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கோ ஒரு தேசத்துச் சாலையைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். சுவிட்சர்லாந்தில் பல்லாயிரம் ஈழத்தமிழர்கள் குடியேறி வாழ்கிறார்கள். அவர்களில் பலர் குடியுரிமை பெற்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்த மஞ்சள் பலகைகளைப் பார்த்து, பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் அந்த மலைகளில் நடந்து வளர்ந்தவர்கள். அந்நாட்டில் மலைச்சாலையின் விதி மக்களின் வாக்கினால் தீர்மானிக்கப்படுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. அன்பர்களே, கணவாய்ச் சாலை பற்றிய கேள்வி ஏதேனும் ஒரு நாள் வாக்குச்சீட்டாக உங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு வருமானால், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐரோலோவில் ரயிலை விட்டு இறங்கி, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, திரெமோலாவில் நடந்து ஏறிப் பாருங்கள். பிறகு உங்கள் வாக்கை அளியுங்கள்.